மீன் இல்லாமல் ஓர் ஒட்டுண்ணி

டாஸ்மேனியத் தீவின் கரையோரக் கடலில் கூண்டு கட்டி அட்லாண்டிக் சால்மன் வளர்க்கத் தொடங்கியது 1980-களில். தொழில் காலூன்றுவதற்குள் நோய் வந்து சேர்ந்தது. நன்றாக இரை எடுத்துக்கொண்டிருந்த மீன் திடீரென்று இரையைத் தொடாது; நீர்ப்பரப்பை ஒட்டி வந்து செவுள்மூடியை அவசர அவசரமாக அடிக்கும்; பிறகு மிதக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய திட்டுகள், அவற்றின்மேல் கோழை. அந்தக் கோழையில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் அமீபாக்கள். அமீபா செவுள் நோய் என்று பெயரானது. மீன்களை நன்னீரில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு எடுத்தால் கடல் அமீபாக்கள் உதிர்ந்துவிடும். சில வாரங்களில் மறுபடி ஏறிக்கொள்ளும். மறுபடி குளியல். பண்ணையின் செலவுக் கணக்கில் இந்தக் குளியலுக்கு இன்றும் கணிசமான பங்கு உண்டு.

ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். செவுள் கோழையை எடுத்து, கடல்நீர் கலந்த அகார் தட்டில் தடவினார்கள். கோழையோடு வந்த பாக்டீரியாக்களைத் தின்று அமீபாக்கள் பெருகின. இனம் பார்த்தார்கள்: நியோபாராமீபா பெமாக்விடென்சிஸ். கடலில் தன்பாட்டுக்கு வாழ்வதாக ஏற்கெனவே அறியப்பட்ட அமீபா அது. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் எழுதினார்கள். ஒரே ஓர் உறுத்தல் இருந்தது. தட்டில் வளர்ந்த அமீபாவை நல்ல மீன் இருக்கும் தொட்டியில் விட்டால் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயுற்ற மீனின் செவுளிலிருந்து நேரடியாகக் கழுவி எடுத்த அமீபாவை விட்டால் நோய் வந்தது. தட்டில் வளர்ந்ததால் வீரியம் போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

2007-இல் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் நீல் யங், பார்பரா நோவாக் முதலியோர் தட்டை ஒதுக்கிவிட்டு, செவுளிலிருந்து எடுத்த அமீபாவின் மரபணுவை நேராகப் படித்தார்கள். அது வேறு இனம். அதற்கு நியோபாராமீபா பெருரான்ஸ் என்று பெயரிட்டார்கள். புண்ணுள்ள இடத்தில் இருந்தது இந்தப் புதியது மட்டுமே. அத்தனை ஆண்டு தட்டில் செழித்தது வேடிக்கை பார்க்க வந்த ஆசாமி. அகார் அவனுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நோய் தருகிற அமீபாவை உண்மையிலேயே தட்டில் வளர்த்து, அந்த வளர்ப்பிலிருந்து நல்ல மீனுக்கு நோய் வரவழைத்து, அந்த மீனிலிருந்து அதே அமீபாவை மீட்டுக் காட்டியது 2012-இல், பிலிப் கிராஸ்பியும் தோழர்களும். ராபர்ட் காக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த நெறி அது. ஒரு மீன் நோய்க்கு அதை நிறைவேற்ற கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

இந்த அத்தியாயம் முழுவதும் இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். ஒட்டுண்ணியைக் குடுவையில் உயிரோடு வைத்திருப்பது ஒரு வேலை. குடுவையில் இருக்கும் அது, மீனில் இருந்த அதுதானா என்று உறுதி செய்வது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்தவர்கள் பலர். இரண்டாவதைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மீனை விட்டு ஏன் பிரிக்க வேண்டும், மீனிலேயே வளர்த்துக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். அப்படித்தான் செய்கிறார்கள், வேறு வழியில்லாத இடங்களில். வண்ணமீன் வளர்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த வெள்ளைப்புள்ளி நோயை எடுத்துக்கொள்வோம். (இறால் பண்ணைக்காரர்கள் சொல்லும் வெள்ளைப்புள்ளி வேறு. அது வைரஸ்.) மீன் தோலில் உப்புக்கல் தூவியதுபோல் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. உடம்பெல்லாம் மென்மயிர் போன்ற குற்றிழைகள். உள்ளே குதிரைலாடம்போல் வளைந்த உட்கரு. மீனின் மேல்தோலுக்குள் உருண்டு உருண்டு செல்களைத் தின்று, வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, சில சமயம் ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறி, தொட்டியின் அடியில் கூடு கட்டி, உள்ளேயே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குட்டிகளாக நீந்தி வரும். அவை ஓரிரு நாளில் இன்னொரு மீனைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் சாவு.

ஆக, இந்த உயிரியை ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்க வேண்டுமென்றால் வாராவாரம் ஒரு நல்ல மீனைப் பலி கொடுக்க வேண்டும். ஒருமுறை நோய் வந்து பிழைத்த மீன் எதிர்ப்பு பெற்றுவிடும், அது உதவாது. விடுமுறை கிடையாது, பண்டிகை கிடையாது. போதாக்குறைக்கு, பல தலைமுறை இப்படி மீன் மாற்றி மீன் ஓட்டிய குலங்கள் மெல்லச் சோர்ந்து அழிவதும் உண்டு. மருந்து ஒன்றைச் சோதிக்கப் போனால், மருந்து வேலை செய்ததா, அந்த மீனின் எதிர்ப்பாற்றல் வேலை செய்ததா என்று பிரிப்பது இன்னொரு தலைவலி. தடுப்பூசிக்கென்று ஒட்டுண்ணியைக் கிராம் கணக்கில் திரட்ட நினைத்தால் எத்தனை மீன் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் செல் வளர்ப்பு வருகிறது. அதை மீனுக்குக் கொண்டுவந்தவர் கென் உல்ஃப். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் லீடவுன் என்ற சிற்றூரில் மீன்நோய் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. டிரவுட் குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற கணைய நோய் ஒன்றுக்குக் காரணம் வைரஸ் என்று அங்கிருந்தவர்கள் 1960-இல் காட்டினார்கள். வைரஸை வளர்க்க உயிருள்ள செல் வேண்டும். குரங்குச் செல்லும் கோழிச் செல்லும் இருந்த காலம். மீன் செல் இல்லை. உல்ஃபும் குவிம்பியும் இளம் வானவில் டிரவுட்டின் இனப்பெருக்கச் சுரப்பியைத் துண்டாக்கி, டிரிப்சின் நொதியால் செல்களைப் பிரித்து, கண்ணாடியில் ஒட்டவிட்டார்கள். அவை ஒட்டின, பிரிந்தன, நிற்கவேயில்லை. 1962-இல் வெளியான அந்தச் செல் வரிசைக்கு ஆர்.டி.ஜி-2 என்று பெயர். உலகின் முதல் நிலையான மீன் செல் வரிசை அது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மீன் செல்லை வளர்ப்பது மனிதச் செல்லை வளர்ப்பதைவிட ஒரு வகையில் சுலபம். மனிதச் செல்லுக்கு 37 டிகிரி வேண்டும், அந்த வெப்பம் பிசகக் கூடாது, கார்பன் டையாக்சைடு ஓடும் பெட்டி வேண்டும். மீன் குளிர்ரத்தப் பிராணி. டிரவுட் செல்கள் 4 டிகிரியிலும் சாகாது, 20-லும் வளரும். வெப்ப நாட்டு மீன்களின் செல்களோ நம்மூர் அறை வெப்பத்தையே விரும்பும். ஆல்பர்ட் லீபோவிட்ஸ் 1963-இல் உருவாக்கிய எல்-15 என்ற ஊடகத்தில் வாயுப் பெட்டியும் தேவையில்லை. குடுவை மூடியை இறுக்கி மேசையில் வைத்துவிடலாம். மின்சாரத்தை நம்ப முடியாத ஊர்களிலும் மீன் செல் ஆய்வு நடப்பதற்கு இது ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து மேல்விஷாரத்தில் இருக்கும் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில், சாகுல் ஹமீதின் குழு கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து ஒரு செல் வரிசையை உண்டாக்கி 2006-இல் வெளியிட்டது. கடல்மீன் செல் வரிசைகளில் இந்தியாவின் முதலாவது அதுதான். பெரிய நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து அது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குடுவை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் குப்பி. உள்ளே ஒரு விரற்கடை உயரம்கூட இல்லாத இளஞ்சிவப்பு நீர்: உப்புகள், அமினோ அமிலங்கள், சர்க்கரை, பத்தில் ஒரு பங்கு கன்றுக்குட்டிச் சீரம். சிவப்பு ஒரு சாயம். நீர் புளித்தால் மஞ்சளாகிவிடும், அதுதான் எச்சரிக்கை மணி. குப்பியைக் கவிழ்நிலை நுண்ணோக்கியில் வைத்துக் கீழிருந்து பார்த்தால் தரை முழுக்கச் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும். தோல், செவுள் செல்கள் பலகோணக் கற்களாகத் தெரியும். இணைப்புத்திசுச் செல்கள் நீண்டு, இரு முனையும் கூர்ந்து கிடக்கும்.

இந்த அடுக்கின்மேல் ஒட்டுண்ணியைக் கொண்டு வைக்க வேண்டும். ஒட்டுண்ணியோ கோழையிலிருந்து வருகிறது. கோழையில் கோடிக்கணக்கில் பாக்டீரியா. எல்-15 ஊடகம் மீன் செல்லுக்கு விருந்து என்றால் பாக்டீரியாவுக்கு அதைவிடப் பெரிய விருந்து. ஒன்றிரண்டு தப்பிப் போனாலும் மறுநாள் காலை குப்பி கலங்கிப்போய் மஞ்சளாக நிற்கும். ஆன்டிபயாடிக்கை ஏற்றினால் ஒட்டுண்ணிக்கே ஆகாது. குறைத்தால் பாக்டீரியா மீளும். ஒட்டுண்ணியைக் கழுவுவதிலேயே முயற்சிகள் பல முடிந்துபோயின. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைச் சில்லறை வேலை என்று நினைப்பார். உண்மையில் பாதி அறிவியல் இந்தக் கழுவலில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் தாண்டிய முதல் பெரிய வெற்றி 1987-இல் வந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் நோகா, அமைலோடினியம் என்ற ஒட்டுண்ணியை மீனே இல்லாமல் செல் அடுக்கின்மேல் ஒரு சுற்று முழுக்க வளர்த்துக் காட்டினார். அறிவிப்பு வந்தது 'சயின்ஸ்' இதழில்.

அமைலோடினியம் டைனோஃபிளாஜெல்லேட் கூட்டத்தைச் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கலாம். அப்படி ஒளிர்ந்த நாக்டிலூக்காவும் இதே கூட்டம்தான். உறவினர்களில் பாதிப்பேர் தாவரம்போல் வெயிலைத் தின்று வாழ, இது மீனைப் பிடித்துக்கொண்டது. முதலில் கவனித்து விவரித்தவர் பிரவுன், 1931-இல். வெப்பக் கடல்களில் வளர்ப்பு மீன்களுக்கு இதைவிடப் பெரிய எமன் குறைவு. எந்த மீன் என்று பார்ப்பதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் ஏறும். நீந்தும் குட்டி செவுளில் வந்து உட்கார்ந்ததும் கசையை உதிர்த்து, அடியிலிருந்து வேர்போன்ற இழைகளைச் செவுள் செல்லுக்குள் இறக்கும். முட்டை வடிவில் பழுப்பாகப் பருக்கும். போதுமென்று தோன்றியதும் வேரை இழுத்துக்கொண்டு கீழே விழும். சுற்றிலும் செல்லுலோஸ் சுவர் எழுப்பும். உள்ளே இரண்டு, நான்கு, எட்டு என்று பிளந்து 256 வரை போகும். அத்தனையும் நீந்தி வெளியே வரும். எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும்.

நோகாவிடம் ஏற்கெனவே ஒரு செல் வரிசை இருந்தது. ஹார்ட்மன் என்பவரோடு சேர்ந்து 1981-இல் அவர் வெளியிட்டது. எந்த மீனிலிருந்து? தரையில் ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போகும் ஆசியக் கெளுத்தியின் செவுளிலிருந்து. நன்னீர் மீன்! கடல் ஒட்டுண்ணிக்கு நன்னீர்க் கெளுத்தியின் செவுள் செல்லை விரித்து வைத்தால் உட்காருமா? உட்கார்ந்தது. வேர் இறக்கியது, பருத்தது, உதிர்ந்தது, பிளந்தது, அடுத்த தலைமுறைக் குட்டிகள் புதிய செல் அடுக்கில் வந்து ஏறின. பாக்டீரியா இல்லாத, மீன் இல்லாத, சுத்தமான அமைலோடினியம் கையில் கிடைத்தது. மருந்து சோதிக்க அதன்பின் ஒரு மீனைக்கூடத் தொட வேண்டியதில்லை என்ற நிலை முதன்முறையாக வந்தது.

அமைலோடினியம் ஏன் ஒத்துழைத்தது என்று யோசித்துப் பார்த்தால் இரண்டு காரணம் தெரிகிறது. மீன் இனத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அடுத்தது, அது தோலுக்குள் போவதில்லை. மேலே உட்கார்ந்து வேரை மட்டும் உள்ளே விடுகிறது. ஒற்றை அடுக்குச் செல் அதற்குப் போதும்.

இக்தியோஃப்திரியஸுக்குப் போதாது. டென்மார்க்கில் நீல்சனும் புக்மனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்புள்ளிக் குட்டிகளை ஈ.பி.சி. என்ற செல் வரிசையின்மேல் விட்டார்கள். அதற்கு முன்பும் பலர் செல் இல்லாத வெறும் ஊடகங்களில் முயன்று, சில நாள் உயிரோடு வைத்திருந்ததோடு நின்றார்கள். செல் அடுக்கில் நிலைமை தேறியது. குட்டிகள் செல்களுக்கிடையே புகுந்தன, தின்றன, ஓரளவு பருத்தன. ஆனால் மீனில் வளர்வதுபோல் பெரிதாகி, வெளியேறி, கூடு கட்டி, குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் மறுபடி புகும் அந்தச் சுற்று மட்டும் முழுமையாக வரவில்லை. என் கணிப்பில் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கும் உயிரி அது, மேல்தோலின் பல அடுக்குகளுக்கு அடியில் அமர்ந்து பழகியது. குப்பியில் அதற்குக் கிடைப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள ஒரே அடுக்கு. பாயை விரித்துக் கொடுத்து இதில் கிணறு வெட்டு என்றால் அது என்ன செய்யும்?

அந்த ஈ.பி.சி. செல் வரிசைக்கே ஒரு கிளைக்கதை உண்டு. கெண்டை மீனின் தோல்கட்டியிலிருந்து வந்தது என்று சொல்லி 1983-இல் வெளியிடப்பட்டு, உலகெங்கும் மீன் வைரஸ் ஆய்வுக்கூடங்களில் பரவியது. 2010-இல் மரபணுவைச் சோதித்தபோது, புழக்கத்தில் இருப்பவை கெண்டைச் செல்களே அல்ல, வட அமெரிக்காவின் ஃபாட்ஹெட் மின்னோ என்ற சிறுமீனின் செல்கள் என்று தெரிந்தது. எப்போதோ, எங்கோ, ஒரு குப்பியிலிருந்து இன்னொன்றில் துளி விழுந்திருக்கிறது. வேகமாக வளர்ந்தது மெதுவாக வளர்ந்ததை விழுங்கிவிட்டது. இதை அறிவித்தவர்களில் அந்தச் செல் வரிசையை முதலில் உண்டாக்கிய ஃபியானும் ஒருவர் என்பதை மரியாதையோடு குறிப்பிட வேண்டும். டாஸ்மேனியாவில் ஒட்டுண்ணியின் பெயர்ச்சீட்டு தவறு. இங்கே ஒட்டுண்ணி உட்காரும் பாயின் பெயர்ச்சீட்டே தவறு.

குப்பியில் இன்னொரு குறையும் உண்டு. செவுளுக்கு ஒருபுறம் குளத்து நீரோ கடல்நீரோ, மறுபுறம் ரத்தம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவராக நிற்பதுதான் செவுள் செல்லின் பிழைப்பு. கடல்நீரின் உப்புச் செறிவு மீன் ரத்தத்தைப்போல் மூன்று மடங்கு. குப்பியில் எல்லாப் பக்கமும் ஒரே ஊடகம். இதைச் சரிசெய்ய, நுண்துளைச் சவ்வு கட்டிய சிறு கிண்ணங்களில் செவுள் செல்களை வளர்க்கும் முறை வந்திருக்கிறது. சவ்வுக்குக் கீழே ஊடகம், மேலே உண்மையான நீர். டிரவுட் செவுள் செல்கள் இப்படி இறுகிப் படிந்து, நீரைத் தாங்கி நிற்கின்றன. நீரின் நச்சைச் சோதிக்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். செவுள் ஒட்டுண்ணி ஆய்வுக்கும் சரியான திசை இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி வீரியத்தின் கதைக்கு வருவோம். தட்டில் வளர்ந்ததால் அமீபாவின் வீரியம் போயிருக்கும் என்று டாஸ்மேனியாவில் தவறாகச் சமாதானம் சொன்னார்கள் அல்லவா? சரியான அமீபா கிடைத்தபின் அதே சந்தேகத்தை முறையாகச் சோதித்தார்கள். ஒற்றை அமீபாவிலிருந்து பெருக்கிய குலம். 70 நாள் வளர்த்ததும் மீனில் விட்டார்கள்: நோய் வந்தது. 3 ஆண்டு வளர்த்தபின் விட்டார்கள்: வரவில்லை. முடிவு 2015-இல் வெளியானது. பழைய சமாதானம் அன்று பொய்; ஆனால் அது சொன்ன நிகழ்வு மெய். அறிவியலில் இப்படியும் நடக்கிறது.

குப்பியில் எதிர்ப்பாற்றல் இல்லை, ஓடித் தப்பும் மீன் இல்லை, கோழையைக் கரைக்கும் வேலை இல்லை. நோய் தருவதற்கான ஆயுதங்களைச் செய்து சுமப்பது அங்கே வீண்செலவு. சுமக்காதவை சற்றே வேகமாகப் பெருகும், சில நூறு தலைமுறையில் குப்பி அவற்றின் ராஜ்யம். ஆய்வாளருக்கு இது தொல்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் வூ இந்தத் தொல்லையையே சரக்காக்கினார்.

அவருடைய ஒட்டுண்ணி கிரிப்டோபியா சால்மோசிட்டிகா. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் அட்டை கடித்து சால்மனின் ரத்தத்துக்குள் போகும் கசையிழை உயிரி. நமக்குக் காலா அசார் தரும் லெய்ஷ்மேனியாவுக்குத் தூரத்துச் சொந்தம். மீனுக்கு ரத்தசோகை வரும், கண் பிதுங்கும், வயிறு நீர்கோக்கும். வூ இதைச் செல் வளர்ப்பு ஊடகத்தில், குளிரில், நெடுங்காலம் தொடர்ந்து வளர்த்தார். உயிர் இருந்தது, வீரியம் போயிற்று. அந்த நலிந்த குலத்தை டிரவுட்டுக்கு ஊசியாகப் போட்டால், ரத்தத்தில் கொஞ்ச காலம் சுற்றும், மீன் நோய்ப்படாது, பிறகு வீரியமுள்ள ஒட்டுண்ணி வந்தாலும் பாதுகாப்பு இருக்கும். வூவும் லீயும் இதை 1990-இல் வெளியிட்டார்கள். ஒரே ஊசியில் இரண்டு ஆண்டு வரை பாதுகாப்பு நீடித்ததைப் பின்னர் காட்டினார்கள். வீரியக் குலத்திடம் இருந்த உலோகப் புரதச்சிதைப்பி நொதி ஒன்று நலிந்த குலத்திடம் இல்லை என்றும் தெரிந்தது. குப்பி உதறவைத்த ஆயுதம் எது என்று கையில் பிடித்துக் காட்டியது அந்த ஒப்பீடு.

பிறந்த குழந்தையின் இடது கையில் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி வந்ததும் இதே வழியில்தான். கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டு, 230 முறை தட்டு மாற்றி மாற்றி வளர்த்து நலியவைத்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். பி.சி.ஜி. பாக்டீரியா, வூ செய்தது ஓர் ஒட்டுண்ணியில். ஒட்டுண்ணிகளுக்கு உயிருள்ள தடுப்பூசி என்பது மருத்துவ உலகிலேயே அரிது.

உயிரோடு வளர்த்தால் வீரியம் போகும் என்பதால், இன்று முறை தெரிந்த ஆய்வுக்கூடங்கள் புதிதாக எடுத்த குலத்தை உடனே பங்கு பிரித்துத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கின்றன. சோதனை வரும்போது ஒரு பங்கை உருக்கினால் போதும். ஆனால் எல்லா ஒட்டுண்ணியும் உறைதலைத் தாங்குவதில்லை.

கென் உல்ஃபை விட்ட இடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மீன் செல்லைக் குப்பியில் அடைத்த அதே மனிதர்தான் குப்பி எங்கே தோற்கும் என்பதையும் காட்டியவர். டிரவுட் குஞ்சு தன் வாலையே துரத்துவதுபோல் சுழன்று சுழன்று சாகும் ஒரு நோய் உண்டு. ஜெர்மனியில் புரூனோ ஹோஃபர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டது. காரணம் மிக்ஸோபோலஸ் என்ற ஒட்டுண்ணி, குருத்தெலும்பைத் தின்னும். செத்த மீனின் தலையில் லட்சக்கணக்கில் வித்துகள் கிடைக்கும். அவற்றை நல்ல மீனுக்கு ஊட்டினால் நோய் வராது. சேற்றில் போட்டு மாதக்கணக்கில் வைத்தபின் அந்தச் சேற்றில் மீனை விட்டால் வரும். வித்து சேற்றில் பழுக்கிறது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள்.

உல்ஃபும் மரியா மார்கிவும் 1984-இல் சொன்னது வேறு. பழுப்பது சேற்றில் அல்ல, சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள். வண்ணமீன் கடைகளில் சிவப்பு முடிச்சாக விற்கிறார்களே, அதே புழு. வித்தைப் புழு தின்கிறது. புழுவின் குடலில் ஒட்டுண்ணி உருமாறி, மூன்று கைகள் விரித்த நங்கூரமாக நீரில் மிதந்து வந்து மீன் தோலில் குத்துகிறது. அந்த மூன்றுகை வடிவத்தை அதுவரை விலங்கியலாளர்கள் தனி வகுப்பாகவே வைத்திருந்தார்கள். இரண்டு வகுப்பு என்று நினைத்தது ஒரே பிராணியின் இரண்டு உருவம். முதலில் பலர் ஏற்கவில்லை. பிறகு இந்தக் கூட்டமே ஒற்றைச் செல் உயிரி அல்ல, சொறிமீனின் சுருங்கிப்போன உறவு என்பதும் மரபணுவில் உறுதியானது. இன்னும் வியப்பு: சால்மன் தசையில் வாழும் இவற்றின் சொந்தக்காரன் ஹென்னெகுயா சால்மினிகோலாவுக்கு மைட்டோகாண்ட்ரிய மரபணுத் தொகுதியே கிடையாது என்று 2020-இல் அறிவித்தார்கள். ஆக்சிஜனால் மூச்சுவிடாத விலங்கு.

இப்படிப்பட்டதை எந்தக் குப்பியில் போடுவது? மீன் செல் மட்டும் போதாது, புழுச் செல்லும் வேண்டும். ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தருணமும் வேண்டும். இந்தக் கூட்டத்தில் எதையும் சுற்று முழுக்கச் செல் வளர்ப்பில் ஓட்டிக் காட்டியவர் இல்லை. ஆய்வுக்கூடங்கள் இன்றும் ஒரு தொட்டியில் புழுவும் இன்னொன்றில் டிரவுட்டுமாக வைத்துக் காலம் தள்ளுகின்றன.

கடைசியாக நுண்வித்துயிரிகள் என்னும் மைக்ரோஸ்போரிடியா. பூஞ்சைக்கு நெருங்கிய சொந்தம். வித்துக்குள் சுருட்டி வைத்த குழலை வெளியே பீய்ச்சி, அடுத்த செல்லைக் குத்தி, குழல் வழியே தன் உடலையே உள்ளே செலுத்திவிடும். செல்லுக்கு வெளியே இவற்றுக்கு வாழ்வில்லை என்பதால் செல் வளர்ப்பைத் தவிர வேறு குப்பியும் இல்லை. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ரொனால்ட் ஹெட்ரிக்கும் தோழர்களும் 1990-களில் சால்மனின் வெள்ளணுக்களில் இப்படி ஒன்றை வளர்த்தார்கள். வெள்ளணுவின் உட்கருவுக்குள்ளேயே குடியிருக்கும் விசித்திரப் பிறவி அது. அன்று அதற்கு எண்டெரோசைட்டோசூன் சால்மோனிஸ் என்று பெயர்.

அந்தப் பெயரின் முன்பாதி தமிழ்நாட்டுக் கடலோரத்திலும் ஆந்திரத்திலும் இறால் வளர்ப்பவர்களுக்குப் பழகியிருக்கும். வனாமி இறாலைக் கொல்லாமல், வளரவும் விடாமல் வைத்திருக்கும் ஈ.எச்.பி. இதன் நெருங்கிய சொந்தம். 2009-இல் தாய்லாந்தில் பெயரிடப்பட்டது. ஒரே குளத்தில் விரல் நீளமும் அரை விரல் நீளமுமாக இறால் நிற்கும். தீவனம் மட்டும் குறையாமல் போகும். மீனில் செய்ததை இதற்கும் செய்யலாமே என்றால், அடியில் விரிக்கச் செல் இல்லை. மீனுக்கு நூற்றுக்கணக்கில் நிலையான செல் வரிசைகள் இருக்க, இறாலுக்கு ஒன்றுகூட இல்லை. முயலாமல் இல்லை, பல நாடுகளில் பல பத்தாண்டாக முயல்கிறார்கள். இறால் திசுவிலிருந்து எடுத்த செல்கள் ஒட்டும், சில நாளோ சில வாரமோ இருக்கும், பிரிந்து பெருகாமல் அடங்கிவிடும். ஆகவே ஈ.எச்.பி.யை ஆய்வு செய்பவர்கள் நோயுற்ற இறாலின் ஈரல்கணையத்தை நல்ல இறாலுக்கு ஊட்டியோ, இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டோ ஒட்டுண்ணியைக் காப்பாற்றி வருகிறார்கள். பண்ணையில் செய்யக்கூடியதும் குறைவே: அறுவடைக்குப்பின் குளத்தை வெடிக்கும்வரை காயவிடுவது, சுட்ட சுண்ணாம்பைப் போட்டு உழுவது, பி.சி.ஆர். சோதனையில் தேறிய குஞ்சை மட்டும் வாங்கி விடுவது.